கல்யாணத்துக்கு ஒன்பது வாரம் இருக்குது, உதட்டுக்கு ஃபில்லர் போடலாமுங்களா?

பனியன்கணக்கு எழுதியது:

வணக்கம்ங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில கணக்கு பாக்கறேன், வயசு 27. தை கடைசி முகூர்த்தத்துல கல்யாணம். இன்னைக்கு எண்ணிப் பாத்தா சரியா ஒன்பது வாரம்.

எனக்கு மேலுதடு ரொம்ப மெல்லிசுங்க. சும்மா இருந்தா தெரியாது. சிரிச்சா உள்ள சுருண்டு போய் ஈறு முழுசாத் தெரியும். நிச்சயத்துக்கு எடுத்த ஃபோட்டோவுல நல்லாச் சிரிச்சது ஒண்ணைக்கூட ஆல்பத்துக்கு விடல. மிச்சம் எல்லாத்துலயும் வாயை இறுக்கி மூடிட்டு, புடிச்சு உக்கார வெச்ச மாதிரி இருக்கறேன். "புள்ளைக்கு இஷ்டமில்லையா"ன்னு அவங்க வீட்டு அத்தை ஒருத்தங்க கேட்டே போட்டாங்க.

உதட்டுக்குள்ள ஊசியில ஜெல் ஏத்தி எடுப்பாக் காட்டற ஃபில்லரைப் பத்தி கோயமுத்தூர்ல ஒரு கிளினிக்குல விசாரிச்சேன். ஒரு சிரிஞ்ச் 24,000. "பதினஞ்சு நிமிஷ வேலை, மத்தியானம் வந்தா சாயங்காலம் பஸ் ஏறிக்கலாம்"னாங்க. இங்க மேக்கப் பேசியிருக்கற பார்லர் அக்கா, ஊசியே இல்லாம பேனா மாதிரி ஒண்ணுல 7,000க்குப் பண்ணித் தர்றேங்கறாங்க. பிரைடல் பேக்கேஜோட சேத்தா 5,500.

மத்த விவரம்: வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை, காய்ச்சல் வந்தாலோ வெயில்ல அலைஞ்சாலோ உதட்டோரம் கொப்புளம் வரும். முடி கொட்டுதுன்னு மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடறேன். கடவாப்பல் ஒண்ணை எடுத்தே ஆகோணும்னு பல் டாக்டர் சொல்லியிருக்கறார். இதெல்லாம் சம்பந்தம் இல்லாததா இருந்தா மன்னிச்சுக்குங்க, கணக்கு எழுதறவளுக்கு ஒண்ணு விடாம எழுதித்தான் பழக்கம்.

வீட்ல அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

---

சும்மா_ஒருத்தன் எழுதியது:

ஏங்க, கடவுள் குடுத்த உதடு போதாதா? அந்தக் காசுக்கு ஒரு மோதிரமாவது வாங்கிப் போடுங்க. மாப்பிள்ளை உங்களைப் பாத்துத்தானே சரின்னு சொல்லியிருப்பாரு.

---

திருச்சி_செவிலி எழுதியது:

தம்பி, அந்தப் பொண்ணு கேட்டது உங்க அபிப்பிராயம் இல்ல. நகருங்க.

தங்கச்சி, "சம்பந்தம் இல்லாததா இருந்தா"ன்னு தயங்கித் தயங்கி எழுதினியே, நீ எழுதினதுலயே ரொம்ப சம்பந்தம் உள்ளது அந்தப் பத்திதான். அந்த கிளினிக்ல இதுல ஒண்ணாவது உன்னைக் கேட்டாங்களா? போன்ல விலையை மட்டும் சொன்னாங்கன்னா, எனக்கு அங்கயே பாதி மனசு விட்டுப் போச்சு.

நான் டாக்டர் இல்ல. சென்னையில ஒரு தோல் கிளினிக்ல ஆறு வருஷம் நர்ஸ். ஊசி போட்டவ இல்ல, எடுத்துக் குடுத்தவ. முடிஞ்சதும் கண்ணாடி பிடிச்சவ. ராத்திரி வர்ற போனை எடுத்தவளும் நான்தான். அதனால அந்தப் பக்கத்துலேர்ந்தே சொல்றேன்.

முதல்ல இது என்னன்னு. ஹயலுரோனிக் ஆசிட்னு நம்ம உடம்புலயே இருக்கிற ஒரு பொருள். அதை லேப்ல தயாரிச்சு, சீக்கிரம் கரைஞ்சு போகாம இருக்க இழைக்கு இழை முடிச்சுப் போட்டு ஜெல்லா ஆக்கியிருப்பாங்க. ஜுவடெர்ம், ரெஸ்டிலேன்னு பேர் கேள்விப்பட்டிருப்பே. அமெரிக்காவுல மருந்துக்கெல்லாம் அனுமதி குடுக்கிற எஃப்டிஏ ரெஸ்டிலேனை உதட்டுக்குன்னு 2011ல அனுமதிச்சுது, அதுவும் 21 வயசுக்கு மேலதான். ஒரு சிரிஞ்ச்னா பெரும்பாலும் 1 மில்லி. காப்பிக்கு சக்கரை போடுற ஸ்பூன்ல அஞ்சுல ஒரு பங்கு. "ஒரு சிரிஞ்ச் முழுசா!"ன்னு பயப்படவும் வேணாம், அதுல பெருசா மாறிடுவோம்னு கனவு காணவும் வேணாம். முதல் தடவைக்கு அரை மில்லி போதும்னு சொல்ற டாக்டரை நான் நம்புவேன்.

இந்த ஜெல்லுல ஒரே ஒரு பெரிய நல்லது, வேணாம்னா கரைக்கலாம். ஹயலுரோனிடேஸ்னு ஒரு மருந்து. கண்புரை ஆபரேஷனுக்கு மரத்துப் போக ஊசி போடும்போது அதோட கலந்து குடுக்கிறதும் இதேதான், ஒண்ணும் கிடைக்காத வஸ்து இல்ல. ஆனா எல்லா ஃபில்லரையும் இது கரைக்காது. "நிரந்தரமா இருக்கும்"னு யாராவது சொன்னா, அது சிலிக்கோனோ வேற எதுவோ, எழுந்து வந்துடு. உதட்டுல ஒருக்கா சிலிக்கோன் ஏறிட்டா திரும்ப எடுக்கிறதுக்கு கத்திதான், அதுவும் முழுசா வராது.

இப்ப அந்தப் பேனா. 7,000மும் வேணாம், 5,500ம் வேணாம், சும்மா குடுத்தாலும் வேணாம். ஊசி இல்லைங்கிறதால வலிக்காது, ஆபத்தில்லைன்னு பார்லர்ல நினைக்கிறாங்க. அது ஜெல்லை அழுத்தத்துல தோலுக்குள்ள பீச்சி அடிக்குது. எவ்வளவு ஆழம் போகும், எங்க போய் நிக்கும்னு அடிக்கிறவங்க கையில இல்ல. 2021 அக்டோபர்ல எஃப்டிஏ இதை உபயோகிக்காதீங்கன்னு வெளிப்படையாவே எச்சரிக்கை விட்டுச்சு. அந்த அக்கா மேக்கப் நல்லாப் போடுவாங்கன்னா மேக்கப் மட்டும் போட்டுக்கோ.

நிஜ பயம் எதுலன்னா ரத்தக்குழாய்ல. மேலுதட்டுல ஒண்ணு, கீழுதட்டுல ஒண்ணு, வாயைச் சுத்தி மோதிரம் மாதிரி ஓடுது. எல்லாருக்கும் ஒரே இடத்துல ஓடாது, ஒவ்வொருத்தருக்கும் ஒரு வளைவு. ஜெல் அதுக்குள்ள போயிட்டா அடைப்புதான். அந்த இடத்துக்கு ரத்தம் போகலைன்னா தோல் செத்துப் போகும். அபூர்வம்தான். அரிதிலும் அரிதா கண்ணுக்குப் போற குழாய் வரைக்கும் ஏறி பார்வை போனதும் உலகத்துல நடந்திருக்கு; அது மூக்கு, நெத்தி, புருவ நடுவுல போடும்போதுதான் அதிகம்.

நான் பாத்ததைச் சொல்றேன். ஒரு நாள் ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு போன். மத்தியானம் போட்டுட்டுப் போன பொண்ணு. "அக்கா, உதட்டுல ஒரு பக்கம் வெள்ளையா இருக்கு, ஐஸ் வெச்சதாலயா?"ன்னு ரொம்ப சாதாரணமாக் கேக்குது. ஃபோட்டோ அனுப்பச் சொன்னேன். மேலுதட்டுலேர்ந்து மூக்கோரம் வரைக்கும் மீன் வலையை விரிச்ச மாதிரி ஊதாக் கோடு. வலிக்குதான்னா, "கொஞ்சம்தான்"னுச்சு. ஜெல்லுலயே மரத்துப் போற மருந்து கலந்திருக்கும், அதனால முதல்ல வலி தெரியாமலே போகும். அதை நம்பி விட்டா போச்சு.

ஆட்டோ பிடிச்சு அது வந்து சேர்றதுக்குள்ள டாக்டரும் வந்துட்டாங்க. நடுராத்திரியிலேர்ந்து மணிக்கு ஒரு தடவை கரைக்கிற ஊசி. ஒவ்வொரு தடவையும் நான் விரலால உதட்டை அழுத்தி விட்டுட்டு எண்ணணும். அழுத்தின இடம் வெளுத்து, உடனே சிவந்தா ரத்தம் ஓடுதுன்னு அர்த்தம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணிட்டே இருப்பேன், வெள்ளையாவே நிக்கும். விடிகாலை நாலு மணி ஊசிக்கு அப்புறம்தான் ரெண்டு எண்ணுறதுக்குள்ள சிவந்துச்சு. டாக்டரம்மா அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு மூக்கோரம் மிளகு அளவு ஒரு தழும்பு மட்டும் நின்னுச்சு. நாங்க போனை எடுக்கலைன்னா என்ன ஆகியிருக்கும்னு இன்னைக்கும் நினைப்பேன்.

அதனாலதான் சொல்றேன், எந்த பிராண்டு, எத்தனை மில்லிங்கிறதெல்லாம் அப்புறம். போய் முதல்ல கேளு: "ஹயலுரோனிடேஸ் இங்கயே, இப்பவே, இந்த ரூம்லயே இருக்கா? ராத்திரி கூப்பிட்டா யார் எடுப்பாங்க? அவங்க நம்பரைக் குடுங்க." ஊசி போடுறவங்க எம்டி தோல் டாக்டரா, பிளாஸ்டிக் சர்ஜனா, இல்ல நாலு நாள் வகுப்புல சேர்ந்து சர்டிஃபிகேட் வாங்கி மாட்டினவங்களான்னும் பாரு. சுவத்துல கண்ணாடி போட்டு தொங்குறதெல்லாம் டிகிரி இல்ல. டாக்டரோட பதிவு எண்ணைக் கேட்டு மெடிக்கல் கவுன்சில் பதிவேட்டுல தேடினா வந்துடும், இப்ப எல்லாம் ஆன்லைன்லயே இருக்கு.

டப்பாவை உன் கண் முன்னாடி பிரிக்கச் சொல்லு. உள்ள ஒட்டுற ஸ்டிக்கர் இருக்கும், பேட்ச் நம்பர், காலாவதி தேதியோட. ஒண்ணு அவங்க ஃபைலுக்கு, ஒண்ணு உனக்கு. வாங்கி வெச்சுக்கோ, கணக்கு எழுதறவளுக்கு இதைச் சொல்லித் தரணுமா! இன்னொண்ணு, வெளிய யாரும் சொல்ல மாட்டாங்க: ஒரு சிரிஞ்சை ரெண்டு பேருக்குப் பாதிப் பாதி போடுறது, இல்ல உன் மிச்சத்தை ஃபிரிட்ஜுல வெச்சு "அடுத்த மாசம் டச் அப்"ங்கிறது. ரெண்டும் தப்பு. சிரிஞ்ச் ஒருத்தருக்கு, ஒரு தடவைக்கு. விலை ரொம்பக் குறைவா இருந்தா ஏன் குறைவுன்னு இதையும் யோசி.

உன் பட்டியலுக்கு வர்றேன். கொப்புளம்: அது ஹெர்பிஸ் வைரஸ், நரம்புக்குள்ள தூங்கிட்டு இருக்கும். ஊசி குத்தினா எழுந்துக்கும். டாக்டர்கிட்ட சொன்னா முன்கூட்டியே மாத்திரை குடுப்பாங்க. போற அன்னைக்கு கொப்புளமோ, உதட்டோரம் குறுகுறுப்போ இருந்தா அன்னைக்கு வேணாம், தேதியை மாத்து. மீன் எண்ணெய்: ஊசி குத்தின இடத்துல ரத்தம் கசிஞ்சு ரத்தக்கட்டு அதிகமாகும், ஒன்றிரண்டு வாரம் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க. (இதைப் படிக்கிற வேற யாராவது இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுறவங்களா இருந்தா, தானா நிறுத்தாதீங்க, எழுதிக் குடுத்தவரைக் கேளுங்க.) பல்லு: முதல்ல பல்லை எடு. வாய்க்குள்ள இருக்கிற கிருமி ரத்தத்துல கலந்து ஜெல்லுகிட்ட போய் உக்காந்துக்கும்னு பயம். பல் வேலைக்கும் இதுக்கும் நடுவுல குறைஞ்சது ரெண்டு வாரம் விடச் சொல்வாங்க.

தேதி. முதல் ரெண்டு மூணு நாள் வீக்கம் உச்சத்துல இருக்கும், "ஐயோ இதுவா நான்"னு அழுவே. எல்லாரும் அழுதிருக்காங்க. ரத்தக்கட்டு ஒரு வாரம், பத்து நாள். நிஜ வடிவம் தெரிய ரெண்டு வாரம். பல்லை இந்த வாரமே எடுத்தா, ஆற விட்டு, போட்டு, அடங்கி, கூடக்குறைய சரி பண்ணி, கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு மாசம் கையில இருக்கும். அதுக்கும் தாமதமானா கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கோ. கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது போடாதே, எந்த டாக்டர் சொன்னாலும்.

ஆனா தங்கச்சி, நீ சொன்னதைத் திரும்பப் படிச்சா எனக்கு வேற ஒண்ணு தோணுது. சும்மா இருக்கும்போது உனக்குக் குறையே இல்ல, சிரிக்கும்போதுதான். அது உதட்டோட அளவா, இல்ல சிரிக்கும்போது உதட்டை மேல இழுக்கிற தசையா? தசைதான்னா எவ்வளவு ஜெல் போட்டாலும் ஈறு தெரியத்தான் தெரியும், உதடு மட்டும் தடிச்சிருக்கும். அதுக்கு மூக்கோரம் ரொம்பக் கொஞ்சமா, தசையைத் தளர விடுற பொடாக்ஸ் ஊசி போடுறது உண்டு, மூணு நாலு மாசத்துல விட்டுப் போயிடும். சில பேருக்குப் பல்லு, தாடை அமைப்பே காரணமா இருக்கும். சிரிக்கச் சொல்லிப் பாக்காம ஊசி எடுக்கிற டாக்டர்கிட்ட உக்காராதே.

---

அடையாறு_ஆலமரம் எழுதியது:

செவிலி அக்கா சொன்னதுக்கு மேல எனக்கு டெக்னிக்கலா எதுவும் தெரியாது. போட்டுக் கரைச்சவ நான், அதை மட்டும் சொல்றேன்.

மூணு வருஷம் முன்னாடி 1 மில்லி போட்டேன். முதல் அஞ்சு மாசம் நிஜமாவே அழகா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் குறைஞ்ச மாதிரி தோணினதும் இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. "ஆறு மாசத்துல கரைஞ்சிடும்"னு சொன்னதை நம்பி, மிச்சம் உள்ளயே இருக்கிறது தெரியாம மேல மேல ஏத்திட்டேன். மூணாவது தடவைக்கு அப்புறம் உதட்டுக் கோட்டுக்கு மேல, மீசை வளர்ற இடத்துல ஒரு மேடு. நேரா பாத்தா தெரியாது. பக்கவாட்டுல யாரோ எடுத்த ஃபோட்டோவுல என்னை நானே பாத்தப்பதான், என் தம்பி ஒரு வருஷமா ஏன் "வாத்து"ன்னு கூப்பிட்டான்னு புரிஞ்சுது.

கரைக்கிற ஊசி எரியும். ஃபில்லரை விட வலி. அதுக்கு முன்னாடி கையில கொஞ்சமா குத்தி அரைமணி நேரம் உக்கார வெச்சாங்க, ஏன்னா எனக்குச் சின்ன வயசுல குளவி கொட்டி முகம் வீங்கி ஆஸ்பத்திரியில சேத்தாங்க. குளவி, தேனீ விஷத்துலயும் இதே மாதிரி பொருள் இருக்காம், அதனால கேப்பாங்களாம். உங்களுக்கு அப்படி ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க, அவசரத்துல போடும்போது கேக்க நேரம் இருக்காது.

கரைச்ச மறுநாள் கண்ணாடியில பாத்தா பழைய உதடுதான், ஆனா முன்னைவிட மெல்லிசா தோணுச்சு. மூணு வருஷம் பெருசாவே பாத்துப் பழகின கண்ணு. அது சரியாக ரெண்டு மாசம் ஆச்சு. அந்த ரெண்டு மாசம் பத்தி யாரும் எனக்கு முன்னாடி சொல்லல.

---

ஹரோ_அக்கா எழுதியது:

நான் லண்டனில ஹரோவில இருக்கிறன். இங்க நடக்கிற கூத்தையும் ஒருக்கா கேளுங்கோ. இந்தியாவிலதான் கண்டவையும் ஊசி போடுகினம் எண்டு நினைக்க வேண்டாம்.

இங்கிலாந்தில ஃபில்லர் போட லைசென்ஸ் எண்டு ஒண்டு கட்டாயமில்லை. தலைமயிர் வெட்டுறவையும் போடலாம். 2013இல அரசாங்கம் கேட்டு சேர் புரூஸ் கியோ எண்ட டொக்டர் ஒரு அறிக்கை குடுத்தவர். ஃபில்லர் போட்டுக்கொள்ளுறவருக்கு, ஒரு போல்பொயின்ட் பேனை வாங்கிறவருக்கு இருக்கிற அளவுதான் சட்டப் பாதுகாப்பு எண்டு அதில எழுதியிருந்தது. பிறகு 18 வயதுக்குக் கீழ ஆருக்கும் போடக்கூடாது எண்டு 2021 ஒக்டோபரில இருந்து சட்டம் வந்தது. லைசென்ஸ் முறை கொண்டுவர 2022 சட்டத்தில அதிகாரமும் குடுத்தவை. அதுக்குப் பிறகும் இழுபறிதான்.

இதில விசர்க் கதை என்னெண்டால், ஃபில்லர் இங்க மருந்துக் கணக்கில வராது, ஆரும் வாங்கலாம். ஆனா அதைக் கரைக்கிற மருந்து பிரிஸ்கிரிப்ஷன் இல்லாமல் வாங்கேலாது. அப்ப பாருங்கோ, போடுறவளிட்ட விஷம் இருக்கு, முறிவு இல்லை.

என்ர தங்கச்சி 120 பவுண்ஸுக்கு ஒரு பிளாட்டின்ர குசினி மேசையில இருந்து போட்டவள். இரவு உதடு ஒரு பக்கம் கல்லு மாதிரி. போட்டவளுக்கு மெசேஜ் போட்டா "மசாஜ் பண்ணுங்கோ" எண்டு ஒரு பதில், பிறகு நம்பரை புளொக் பண்ணிப்போட்டாள். ஆஸ்பத்திரியில ஏழு மணித்தியாலம் இருந்தம், அங்க இருந்த டொக்டர் பிள்ளைக்கும் பெரிசா விளங்கேல்ல. அடுத்த நாள் பின்னேரம்தான் காசு கட்டி ஒரு தோல் டொக்டரிட்டப் போய் கரைச்சது. 120 மிச்சம் பிடிக்கப் போய் 400க்கு மேல. நல்லகாலம், அடைப்பில்லை, வெறும் கட்டி.

செவிலி அக்கா சொன்ன அந்த முதல் கேள்வியை அவள் கேட்டிருந்தால் அந்தக் குசினிக்கே போயிருக்க மாட்டாள்.

---

பனியன்கணக்கு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஆபீஸ்ல உக்காந்து படிச்சு, டீ ஆறிப் போச்சுங்க.

செவிலி அக்கா, நேத்து மத்தியானம் அந்த கோயமுத்தூர் கிளினிக்குக்கே போன் போட்டேன். "ஹயலுரோனிடேஸ் வெச்சிருக்கறீங்களா"ன்னேன். எடுத்த புள்ள, "அது நம்மகிட்ட இல்லீங்க மேடம், ஆனா எந்த சீரம் கேட்டாலும் வரவெச்சுத் தரலாம், ஆஃபர்ல இருக்குது"ன்னுது. டாக்டர் யாருன்னு கேட்டா, "சீனியர் காஸ்மெட்டாலஜிஸ்ட் மேடம்தான் போடுவாங்க". பதிவு நம்பர் கேட்டேன். "நேர்ல வாங்க, சொல்றோம்." சரின்னு வெச்சுட்டேன்.

அப்புறம் வேற ஒரு தோல் டாக்டர்கிட்ட சனிக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கறேன், ஊசிக்கு இல்ல, பாக்கறதுக்கு மட்டும். கன்சல்டேஷன் 600. அங்க போன் எடுத்தவங்களே "காய்ச்சல் கொப்புளம் வருமா, ரத்தம் இளகற மாத்திரை ஏதாவது எடுக்கறீங்களா"ன்னு கேட்டாங்க. மருந்து இருக்குதுன்னும் சொன்னாங்க.

கண்ணாடி முன்னாடி நின்னு சிரிச்சும் பாத்தேன்க்கா. மேலுதட்டை விரல்ல லேசாப் புடிச்சுட்டுச் சிரிச்சா ஈறு தெரியல. அப்ப நீங்க சொன்ன தசைதானுங்களா?

ஒரே ஒரு சந்தேகம். மேலுதட்டுக்கு மேல மாசாமாசம் திரெட்டிங் பண்ணுவேன். அதுக்கு ஏதாவது கணக்கு இருக்குதுங்களா?

---

திருச்சி_செவிலி எழுதியது:

தசையா இருக்கலாம், விரல் சோதனையை வெச்சு நான் முடிவு சொல்ல மாட்டேன். சனிக்கிழமை அதே மாதிரி டாக்டர் முன்னாடி பிடிச்சுக் காட்டு. நிச்சயத்துல நீ ஒதுக்கி வெச்ச அந்தச் சிரிச்ச ஃபோட்டோவையும் போன்ல எடுத்துட்டுப் போ, நாம உக்காந்து சிரிக்கிற சிரிப்பு வேற, தன்னால வர்றது வேற.

திரெட்டிங், வேக்ஸிங், பிளீச் எதுவும் போடுறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியும், போட்டு ரெண்டு வாரத்துக்கும் வேணாம். நூல் உரசின தோல்ல கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும். ஊசி போட்ட அன்னைக்கு லிப்ஸ்டிக்கும் வேணாம், ஸ்டிரா வெச்சு இளநீரும் வேணாம்.

போடுறதா முடிவானா, அன்னைக்கு ராத்திரி பஸ் ஏறாதே. கோவையிலயே யாராவது சொந்தக்காரங்க வீட்ல தங்கிக்கோ. அம்மாவைக் கூட்டிட்டுப் போ, தூங்கப் போறதுக்கு முன்னாடி உதட்டை அழுத்திப் பாக்கச் சொல்லிக் குடு.

---

பனியன்கணக்கு எழுதியது:

சிங்காநல்லூர்ல சித்தி இருக்கறாங்க, அங்க தங்கிக்கறேன்க்கா. மீன் எண்ணெய் டப்பாவை டாக்டருக்குக் காட்ட எடுத்து வெச்சுட்டேன். பார்லர் அக்காகிட்ட மேக்கப் மட்டும் போதும்னு சொல்லியாச்சு, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டாங்க. பல்லு புதன்கிழமை எடுக்கறேன்.